நாகர்கோவில் டவுன் பஸ்சும் கூடவே ஒரு சைக்கிளும்: ஒரு சேவை விமர்சனம்

நாகர்கோவிலைச் சுற்றி டவுன் பஸ் போகாத ஊரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கீரிப்பாறை மலையடிவாரத்துக்கும் வண்டி உண்டு, முட்டம் கடற்கரைக்கும் உண்டு, நடுவில் கிடக்கிற, ‘விளை’ என்றும் ‘கோணம்’ என்றும் பெயர் முடிகிற எத்தனையோ சிற்றூர்களுக்கும் உண்டு. எங்கெல்லாம் போகிறது என்று கேட்டால் இந்தச் சேவைக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். எப்போது வரும் என்று கேட்டால்தான் கை தயங்குகிறது. இந்தக் குறையைத் தீர்க்க மெட்ரோ, மோனோ ரயில் என்றெல்லாம் பேச வேண்டியதில்லை. இப்போது ஓடுகிற வண்டிகள் சீரான இடைவெளியில் ஓடட்டும். வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரு சைக்கிளுக்கு வழியும், அதை நிறுத்த ஓர் இடமும் கிடைக்கட்டும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

குமரி மாவட்டத்தின் அமைப்பே பஸ்ஸுக்கு வாகானது. 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர். பரப்போ 1,700 சதுர கி.மீ.க்கும் குறைவு, அதிலும் கணிசமான பகுதி மலையும் காடும். ஊரும் ஊரும் ஒட்டிக் கிடப்பதால் எந்தத் தடத்தில் எந்த நேரம் வண்டி போனாலும் கைகாட்ட ஆள் இருக்கும். 1938-ல் திருவிதாங்கூர் அரசு சொந்தமாகப் பஸ் விட ஆரம்பித்தபோதே திருவனந்தபுரம்–நாகர்கோவில் தடம் அதில் இருந்தது. 1983-ல் குமரித் தலைவர் நேசமணி பெயரில் தனிப் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-ல் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டன. இன்று அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் திருநெல்வேலிக் கோட்டத்துக்குள் நாகர்கோவில் ஒரு மண்டலம். நகராட்சி 2019-ல் மாநகராட்சியாகிவிட்டது. சாலைகளின் அகலத்துக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

புதிதாக வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே பஸ் நிலையம் இரண்டு. வடசேரி கிறிஸ்டோபர் நிலையம் வெளியூர் வண்டிகளுக்கு. மீனாட்சிபுரம் அண்ணா நிலையம் பெரும்பாலும் டவுன் பஸ்களுக்கு. ரயில்வே ஜங்ஷன் கோட்டாறில், மூன்றாவது மூலையில். பஸ் நிலையங்களுக்கு நடுவே தூரம் இரண்டு கி.மீ.க்குள்தான், ஆனால் ஊரின் நெரிசல் முழுக்க அதற்குள் குவிந்திருக்கிறது. ரயிலில் வந்து இறங்கி ராஜாக்கமங்கலம் போக வேண்டியவர், மூட்டையோடு முதலில் அண்ணா நிலையம் போய்ச் சேரவேண்டும். பலர் அந்த முதல் துண்டுக்கே ஆட்டோ பிடித்துவிடுகிறார்கள். இரண்டு நிலையத்தையும் தொட்டுப்போகிற வண்டிகள் இப்போதும் உண்டு. அவை ஊர்ப்புறத்துக்குப் போகிற வண்டிகள் என்பதால் கூட்டமும் அதிகம், நேரமும் சொல்ல முடியாது. ஜங்ஷன், அண்ணா, வடசேரி மூன்றையும் மட்டும் இணைத்து ஒரு சுற்று வண்டி விட்டால் போய்வரச் சுமார் 10 கி.மீ. மணிக்கு 15 கி.மீ. வேகம் என்று வைத்தாலும் 40 நிமிடம். நான்கே வண்டியில் 10 நிமிடத்துக்கு ஒன்று விடலாம்.

கட்டணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் குறைந்தபட்சம் 5 ரூபாய். 2018 ஜனவரியில் 3 ரூபாயிலிருந்து உயர்ந்தது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இலவசம்தானே என்று சும்மா உட்கார்ந்துவிடக் கூடாது. நடத்துநர் தரும் கட்டணமில்லாச் சீட்டை வாங்கி இறங்கும்வரை வைத்திருக்க வேண்டும். எந்த ஸ்டேஜில் எத்தனை பேர் என்ற கணக்கு அந்தச் சீட்டில்தான் பதிவாகிறது. எக்ஸ்பிரஸ் போர்டு மாட்டிய வண்டிக்குச் சலுகை இல்லை. தடம் ஒன்றாக இருந்தாலும் போர்டைப் பார்த்து ஏறவும்.

வண்டிக்குள் போனால் படிக்கட்டுதான் முதல் இடறல். லாரிச் சேஸிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் கட்டிய உடம்பு என்பதால் தரைமட்டம் உயரம், மூன்று படி ஏறவேண்டும். நகரப் பேருந்துகளுக்கு மத்திய அரசு வகுத்த அளவில் தரைமட்டம் 400, 650, 900 மில்லிமீட்டர் என மூன்று வகை உண்டு. இங்குள்ள மேடு பள்ளத்துக்கும் வேகத்தடைக்கும் 400 தாங்காது, அடி தட்டும். 650 சரிப்படும். வண்டி மாறும்வரை செய்யக்கூடியது, ஸ்டாப்பில் ஓர் அடி உயரத்துக்குக் குறையாமல் மேடை கட்டி, ஓட்டுநர் அதை ஒட்டி நிறுத்துவது. மேடைக்கு முன்னால் ஆட்டோ நின்றால் பஸ் நடுரோட்டில் நிற்கும், கட்டிய மேடை வீண். அதனால் மேடைக்கு முன்னும் பின்னும் 15 மீட்டர் காலியாக இருக்கவேண்டும்.

இந்த மாவட்டத்துப் பஸ்ஸில் ஆள் மட்டும் ஏறுவதில்லை. குளச்சலிலிருந்து மீன் சருவம், தோவாளையிலிருந்து பூக்கூடை, திங்கள்சந்தைக்கு வாழைக்குலை எல்லாம் ஏறும். இவற்றுக்கென்று இடம் இல்லாததால்தான் வண்டிக்குள் நடக்கிற வழியில் வைக்க, நடத்துநர் சத்தம் போட, சச்சரவு வருகிறது. பின்வாசலை ஒட்டிய ஓர் இரட்டை இருக்கையை எடுத்துவிட்டு, தரையில் தண்ணீர் வடிய ஓட்டை போட்ட தகடு அடித்து, சுவரில் ஒரு கம்பியும் கொக்கியும் வைத்தால் முடிந்தது. இரண்டு இருக்கை போகும், ஆனால் அந்த இடத்தில் காலை நெரிசலில் நான்கு பேர் நிற்கலாம். நட்டமில்லை.

இனி முக்கியமான விஷயம், காத்திருப்பு. அரைமணி நேரம் ஒன்றும் வராமல் பிறகு இரண்டு வண்டி ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வருவதைப் பார்த்து ஓட்டுநரைத் திட்டுகிறோம். பெரும்பாலும் அவர் காரணம் இல்லை. முதல் வண்டி ஒழுகினசேரியிலோ வேப்பமூட்டிலோ ஐந்து நிமிடம் சிக்கிக்கொள்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் முன்னால் உள்ள ஸ்டாப்பிலெல்லாம் ஆள் கூடிவிடுகிறது. கூடிய ஆளை ஏற்ற இன்னும் நேரம் ஆகிறது, மேலும் பிந்துகிறது. பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆள் இல்லை, அது வேகமாக வந்து ஒட்டிக்கொள்கிறது. தானாக இது சரியாகாது, தடத்தின் கடைசிவரை மோசமாகிக்கொண்டேதான் போகும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டிகள் 15 நிமிடம், 15 நிமிடம் என்று சீராக வந்தால் நேரம் பார்க்காமல் வந்து நிற்கிற ஒருவரின் சராசரிக் காத்திருப்பு 7½ நிமிடம். அதே இரண்டு வண்டி 5 நிமிடம், 25 நிமிடம் என்று வந்தால் அது ஏறக்குறைய 11 நிமிடமாகிவிடும். நீண்ட இடைவெளியில் மாட்டுகிறவர்கள்தான் அதிகம் என்பதே காரணம்: ஆறு பேரில் ஐந்து பேர் அந்த 25 நிமிடத்தில் வந்து நிற்பவர்கள். வண்டியும் குறையவில்லை, டீசலும் குறையவில்லை. காத்திருப்பு மட்டும் 44 சதவீதம் கூடிவிட்டது. அந்த ஐந்து பேரும் ஒரே வண்டியில் ஏறுவதால்தான் படியில் தொங்குகிறார்கள், பின்னால் வருவது காலியாகப் போகிறது.

மருந்து எளிது. தடத்தின் நடுவில் ஓர் இடத்தில் நேரம் பிடித்து விடவேண்டும். தக்கலைத் தடம் என்றால் வில்லுக்குறி, கன்னியாகுமரித் தடம் என்றால் சுசீந்திரம் மாதிரி ஓரிடம். முன்கூட்டி வந்த வண்டி அங்கே இரண்டு மூன்று நிமிடம் நின்று தன் நேரத்துக்குக் கிளம்பவேண்டும். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அடுத்த ஊர்களில் நிற்பவர்கள் மிச்சப்படுத்தும் நேரம் அதைவிடப் பெரிது. நடை (டிரிப்) நேரத்தில் இதற்கு இடம் விடவேண்டும். 50 நிமிடம் ஆகிற தடத்துக்கு 42 நிமிடம் என்று ஷெட்யூல் எழுதினால் எந்த வண்டியும் முன்கூட்டி வராது, பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது, கடைசி டிரிப் கட் ஆகும். நேரம் எழுதுகிறவர் காலை எட்டரை மணிக்கு ஒருமுறை, மதியம் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை தனித்தனியாக ஓடவிட்டு எழுதவேண்டும். மூன்று வேளைக்கும் ஒரே நேரம் சரிவராது.

அடுத்தது ஸ்டாப்புகள். பிரேக் போட்டு, ஆள் ஏற்றி, மறுபடி வேகம் பிடிக்க ஒரு ஸ்டாப்புக்கு 30 முதல் 40 விநாடி போகிறது. கைகாட்டிய இடமெல்லாம் நிற்கும் 16 கி.மீ. தடத்தில் பத்து நிறுத்தம் குறைந்தால் ஒரு நடைக்கு ஆறு நிமிடம் மிச்சம், போய்வரப் பன்னிரண்டு. சுற்று 120 நிமிடமாக இருந்தது 108 ஆகும். எட்டு வண்டி செய்த வேலையை ஏறக்குறைய ஏழு வண்டி செய்துவிடும். எட்டாவதை ஒரு நாளைக்கு நான்கு நடை மட்டும் கிடைக்கிற கிராமத்துக்கு விடலாம். ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிக்கூட வாசல் ஸ்டாப்புகளைத் தொடக் கூடாது. மற்றவை 400 மீட்டருக்கு ஒன்று என்று இருந்தால் மெயின் ரோட்டில் யாரும் 200 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிராது.

தகவல் விஷயத்தில் மதிப்பெண் மிகக் குறைவு. ஸ்டாப்பில் நிழற்குடை இருக்கும், அதில் நன்கொடையாளர் பெயர் பெரிதாக இருக்கும், வண்டி நேரம் இருக்காது. முதல் வண்டி, கடைசி வண்டி, இடைவெளி என்று மூன்று வரி எழுதினால் போதும். கைபேசியில் தெரியவேண்டுமென்றால் பஸ் நேரத் தகவலுக்கு ஜி.டி.எஃப்.எஸ். என்ற உலகப் பொது வடிவம் இருக்கிறது. புதுச் செயலி எதுவும் தேவையில்லை. கழகம், ஸ்டாப், தடம், நடை, ஸ்டாப் நேரம், நாள்காட்டி என்று ஆறு எளிய எழுத்துக் கோப்புகள், அவ்வளவுதான். வேலை அதைத் தயாரிப்பதில் இருக்கிறது. சாலையின் இரு பக்கத்து ஸ்டாப்பையும் தனித்தனிப் புள்ளியாகக் குறிக்கவேண்டும். ஒரே பெயரில் நாலு ‘சர்ச் ஜங்ஷன்’ இருந்தால் ஊர்ப்பெயர் சேர்த்துப் பிரிக்கவேண்டும். நள்ளிரவுக்குப் பின் முடியும் நடையை 24:10 என்று எழுதவேண்டும். 00:10 என்று போட்டால் வண்டி கிளம்புமுன்பே போய்ச் சேர்ந்ததாகக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை நடைகளுக்குத் தனி நாள்காட்டி வேண்டும், மறந்தால் இல்லாத வண்டிக்கு ஆள் காத்திருக்கும்.

மேம்பாலம் வந்தபின் ஒரு புதுக் குழப்பம். பார்வதிபுரத்திலோ மார்த்தாண்டத்திலோ இறங்குகிறவர்கள், வண்டி மேலே ஏறுமா கீழே போகுமா என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது.

சைக்கிளுக்கு வருவோம். பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வர அரை கி.மீ.க்கு மேல் பலருக்கு மனம் வராது. சைக்கிள் இருந்தால் இரண்டரை கி.மீ. பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஆரம் ஐந்து மடங்கு ஆனால் பரப்பு இருபத்தைந்து மடங்கு: முக்கால் சதுர கி.மீ.க்குப் பதில் ஏறக்குறைய 20 சதுர கி.மீ. ஒரே ஸ்டாப்புக்குள் வந்துவிடும். ஒவ்வொரு விளைக்குள்ளும் பஸ் நுழைந்து திரும்பி வர வேண்டியதில்லை, மெயின் ரோட்டில் அடிக்கடி ஓடினால் போதும்.

அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் சமதரை. வயலும் குளமும் ஓரமாகச் சாலையும். எந்தச் சைக்கிளும் ஓடும். சுங்கான்கடை தாண்டி மேற்கே கல்குளம், விளவங்கோடு என்றால் செம்மண் மேடு, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே பழைய 28 அங்குலச் சைக்கிளோடு போராடுகிறவர்கள் புது கியர் சைக்கிள் வாங்குமுன் ஒன்று செய்து பார்க்கலாம். செயின் வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்றால் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சுமார் 5.4 மீட்டர் ஓடும். ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினால் 4.4 மீட்டர், ஏற்றத்தில் காலுக்குப் படுகிற பாரம் அதே கணக்கில் குறையும். பின் அச்சை அரை அங்குலம் முன்னே தள்ள இடமிருந்தால் செயின் அப்படியே போதும், இல்லையென்றால் ஒரு ஜோடிக் கண்ணி சேர்க்கவேண்டும். சமதரையில் வேகம் குறையும் என்பது இதன் விலை.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். கம்பி இழுத்து, இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை பிடிக்கிற பழைய பிரேக் மழையில் முதல் சில சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஈரம் வழிக்கப்பட்ட பிறகுதான் பிடி கிடைக்கும். ஆனியிலும் ஐப்பசியிலுமாக இரண்டு பருவ மழை பெய்கிற மாவட்டத்தில் அலுமினிய ரிம்மோ கேபிள் டிஸ்க் பிரேக்கோ இருப்பது உத்தமம். இரும்பு ரிம்தான் இருக்கிறது என்றால் இறக்கத்துக்கு முன்பே லேசாகப் பிடித்துக்கொண்டு வரவும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று முதலில் தின்பது ஸ்போக்ஸ் முனையையும் பிரேக் கேபிளையும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மேலே ஒட்டியதைத் துணியால் எடுத்துவிடவேண்டும். எண்ணெய் வடிய விட்டால் மணல் ஒட்டி அரம் மாதிரி பல்லை அராவிவிடும்.

காற்று அடிக்கையில் வால்வைக் கவனிக்கவும். பழைய சைக்கிளில் வால்டியூப் போட்ட வால்வு. ரப்பர் இற்றுப்போனால் பஞ்சர் இல்லாமலே காற்று இறங்கும், சில ரூபாயில் தீர்கிற கோளாறு. மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வு உள்ள 26 அங்குல டயருக்குப் பெட்ரோல் பங்கிலும் அடிக்கலாம், 40 முதல் 50 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். டியூப் சிறியது என்பதால் கண்ணிமைக்கும் நேரத்தில் அளவு தாண்டி வெடிக்கும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லவும்.

சாலைக்கு வந்தால் பெரிய எமன் தார் விளிம்பு. தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போகிறது, ஓரத்து மண் அப்படியே கிடக்கிறது. டாரஸ் லாரி ஹார்ன் அடித்ததும் ஓரம் இறங்குகிற சைக்கிள், திரும்ப ஏறும்போது முன்சக்கரம் விளிம்பில் உரசி விழுகிறது. விளிம்பு உயரமாக இருந்தால் சக்கரத்தைக் குறுக்காகத் திருப்பி ஏறவேண்டும், சாய்வாக உரசிக்கொண்டு ஏறக் கூடாது. இந்திய சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்குச் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். ஊருக்கு ஊர் போட்டிருக்கிற ஒரு முழ அகலக் கட்டைக்கு அந்த விதியோடு எந்த உறவும் இல்லை.

ஆரல்வாய்மொழிப் பக்கம் போகிறவர்களுக்குக் காற்று தனி விஷயம். தென்மேற்குப் பருவ மாதங்களில் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும். நாகர்கோவிலிலிருந்து போகும்போது யாரோ முதுகில் தள்ளுவது போல இருக்கும். திரும்பும்போது 15 கி.மீ. வேகத்தில் மிதித்து 20 கி.மீ. எதிர்க்காற்றையும் வாங்கினால், காற்றின் தடை அமைதியான நாளைவிட ஐந்து மடங்குக்கு மேல். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பலாம், விட்டுவர ஓர் இடம் இருந்தால்.

தனிச் சைக்கிள் பாதைக்கு நாகர்கோவிலில் நிலம் எடுக்க முடியாது என்பார்கள். ஒருவழிப் பாதைக்கே இரண்டு மீட்டர் வேண்டும், எம்.எஸ். ரோட்டில் அது நடக்காது, உண்மை. ஆனால் அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனார் சானல், தோவாளை சானல் என்று பாசனக் கால்வாய்களின் கரை ஊரூராக ஓடிக்கொண்டிருக்கிறது. அரசு நிலம், ஏற்ற இறக்கம் கிடையாது, தண்ணீர் ஓடுகிற சாய்வுதான், பல இடங்களில் தென்னை நிழலும் உண்டு. கரையின் ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கவேண்டும், மறுபக்கம் தூர்வாரும் ஜே.சி.பி.க்கு. இரண்டு பக்கமும் பேவர் பிளாக் பதித்தால் முதல் தூர்வாரலிலேயே பெயர்ந்துவிடும். அந்த ஒரு பக்கத்திலும் பேவரைவிடக் கான்கிரீட் நல்லது, கரை அமுங்கினாலும் கல் கல்லாக ஆடாது. நுழைவில் 1.2 மீட்டர் இடைவெளி விட்டுக் குட்டைத் தூண் நட்டால் கார் நுழையாது, தள்ளுவண்டி நுழையும். பைக் நுழையத்தான் செய்யும், அதைத் தூணால் தடுக்க முடியாது. சானல் சாலையைக் கடக்கும் பாலத்தடியில் குப்பை குவிவதும் விளக்கில்லாததும்தான் இதைக் கெடுக்கக்கூடியவை. கட்டும் பணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்காவிட்டால் தொடங்காமலிருப்பதே மேல்.

நிறுத்துமிடத்துக்குச் செலவு குறைவு. 50 மில்லிமீட்டர் குழாயைக் கவிழ்த்த ‘ப’ வடிவில் வளைத்து, தரைக்கு மேல் 75 செ.மீ. நிற்கும்படி கான்கிரீட்டில் ஊன்றினால் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு சைக்கிள். மீட்டருக்கு ஒன்று வைத்தால் ஒரு கார் நிற்கிற இடத்தில் பத்துச் சைக்கிள் நிற்கும். முன்சக்கரத்தை மட்டும் செருகுகிற சிமெண்ட் பள்ளம் வேண்டாம். பக்கத்துச் சைக்கிள் சாய்ந்தால் ரிம் கோட்டமாகிவிடும், பூட்டவும் வசதியில்லை. பூட்டுச் சங்கிலி சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துக் குழாயோடு கட்டவேண்டும். சக்கரத்தை மட்டும் பூட்டிய சைக்கிளைத் தூக்கி லோடு ஆட்டோவில் போட ஒரு நிமிடம் ஆகாது.

ரயிலில் சைக்கிளைக் கூட்டிப்போகலாம், ஆனால் தினப்படிக்கு ஆகாது. பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிந்து பிரேக் வேனில் ஏற்றவேண்டும், இரணியல் மாதிரிச் சிறிய நிலையத்தில் வண்டி நிற்கிற நேரத்துக்குள் இறக்குவது பெரும்பாடு. கூடவே, டிக்கெட்டில் ஜங்ஷனா டவுன் நிலையமா என்று பார்த்துக்கொள்ளவும். இரண்டும் வேறு வேறு இடம்.

2025-ல் தொடங்கிய புது மினி பஸ் திட்டத்தில் தடம் 25 கி.மீ. வரை இருக்கலாம், அதில் 65 சதவீதமாவது பஸ் இல்லாத பகுதியாக இருக்கவேண்டும். மெயின் ரோட்டு ஜங்ஷனில் மினி பஸ் திரும்புகிற இடத்தையும் சைக்கிள் நிறுத்துமிடத்தையும் ஒன்றாக வைத்தால் ஒரே விளக்கு, ஒரே கூரை இரண்டுக்கும் போதும். கிராமத்துக்குள் போகிற கடைசி வண்டி சீக்கிரமே முடிந்துவிடும், மெயின் ரோட்டில் வெளியூர் வண்டி அதற்குப் பிறகும் ஓடும். ஜங்ஷனில் சைக்கிள் நிற்கிறவருக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டில்லை, ராத்திரி ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டியதும் இல்லை. பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் கட்டாயம். ரிஃப்ளெக்டர் வெளிச்சம் பட்டால்தான் மின்னும், ஹெட்லைட் ஒளி விலகும் வளைவில் அது இருந்தும் இல்லாததுதான்.